வெள்ளைப் பட்டை போட்ட கை

அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று சொல்பவர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. கோபம் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இருந்தது. மூக்கு வெளியே தெரிகிற இடம், அவ்வளவுதான். பதிமூன்று வயதில் டயர் கழற்றி மாட்ட ஆரம்பித்தவள், இப்போது அறுபது. லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பிரஷர் அக்கா. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒருவன் கூப்பிட்டுப் பார்த்தான். அவன் வண்டியின் ஆறு சக்கரத்துக்கும் அளவு பார்த்து ஒழுங்காகக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் தலை காட்டாதே என்று அனுப்பிவிட்டாள். கோபத்துக்காகக் காற்றில் குறை வைக்கிற ஆள் அவள் இல்லை.

கடை, புறவழிச் சாலையில் சிமெண்ட் கிடங்குக்கும் எடை மேடைக்கும் நடுவில் இருந்தது. ஒரு ஷட்டர், ஒரு கம்ப்ரசர், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, கூரைவரை அடுக்கிய டயர்கள். உள்சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் எப்போதோ முடிந்துபோன வருடத்தின் காலண்டர் தொங்கியது. பக்கத்துக் கடையில் அவள் வீட்டுக்காரர் தையல் மெஷின் ஓட்டினார். சாதுவான மனிதர். அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், எதற்கெடுத்தாலும் "விடு" என்பது. கடைக்காரன் எடை குறைத்தால் விடு, கூரை ஒழுகினால் விடு. எதையெல்லாம் விடுவது என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, அதையும் விடு என்றார்.

அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் நேராக இருக்காது. நடுக்கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பி, கையோடு சேராமல் தனியாக நிற்கும். அதற்குக் காரணம் அப்பாவின் வாடகைக் கார்.

அப்பா அந்தக் காரைப் புதிதாக வாங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. கல்குவாரிக்கும் ரயிலடிக்கும் ஓடிய வண்டி. வாரத்துக்கு இரண்டு பஞ்சர் நிச்சயம். அப்பாவுக்கு முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனது. யாராவது ஒருவர் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். படிக்கிற பிள்ளை கையில் கறுப்பு படக்கூடாது என்று வீட்டில் முடிவானது. அவளும்தான் படித்தாள். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க். ஆனால் அவள் கையில் எது படலாம், எது படக்கூடாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு ஒருநாள் மட்டும் லீவு போடு என்றார் அப்பா. அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

அந்த வருடமே லீவர் நழுவி, விரல் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்தாள், ஏனென்றால் ரயிலுக்கு ஆள் காத்திருந்தது. விரல் அதுபாட்டுக்கு ஒட்டிக்கொண்டது, கோணலாக.

அப்பா போன பிறகு வீடும் அண்ணனுக்கு, கார் கொட்டகையில் நின்றதால் காரும் அண்ணனுக்கு. அவள் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அண்ணன் காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போக வேண்டாமா? கொட்டகைக் கதவைத் திறந்தார், காரைப் பழுது பார்த்தார், பெயிண்ட் அடித்தார், பழைய கார் சங்கத்தில் சேர்ந்தார். இருபது வருடம் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை காரோடு வந்து கடை வாசலில் நின்றார்.

விஷயம் டயர்தான். சங்கம் வருடா வருடம் நடத்துகிற கண்காட்சியில், வண்டி அதன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்; மாறியிருந்தால் மார்க் கழிப்பார்கள்.

"போன வருஷம் மூணே மார்க்ல முதல் பரிசு போச்சு. டயருக்கு மட்டும் எட்டு மார்க் கழிச்சிட்டாங்க" என்றார்.

"கழிக்காம கொஞ்சுவாங்களா? இந்த வயசு வண்டிக்கு ரேடியல் போட்டு வச்சிருக்க. கீழ வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது பாரு."

அவர் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் பார்த்திராத ஒன்றை அப்போதுதான் பார்த்தார். ரேடியல் டயர் தரையைத் தொடுகிற இடத்தில் தொப்பை போட்டு நிற்கும். அந்தக் காலத்து நைலான் டயர் அப்படி நிற்காது. உயரமாக, ஒடுக்கமாக, விறைப்பாக நிற்கும். அளவை அங்குலத்தில் எழுதியிருப்பார்கள். தரையில் படுகிற பக்கத்தில் நேர்நேராகக் கோடு ஓடும், இப்போது போலக் கட்டம் கட்டமாக இருக்காது. இதையெல்லாம் அவள் ஒரு கோணியைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லி விளக்கினாள். அண்ணன் எங்கேயோ ஒரு கிடங்கில் அந்த வருடத்திலேயே செய்த டயர் பிரிக்காமல் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றாள். நாற்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த ரப்பர் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஓட்டினால் பாதி வழியில் பாளம் பாளமாகப் பிரியும். பழைய அச்சிலேயே இப்போது புதிதாக வார்க்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அதை வரவழைக்க வேண்டும்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. டயர் பற்றி அண்ணன் தன்னிடம் கேட்கிறார், தான் சொல்கிறோம், அவர் தலையாட்டுகிறார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. மனதுக்குள் அதற்காகத் தன்னையே இரண்டு திட்டும் திட்டிக்கொண்டாள்.

அப்புறம் அவர், வெள்ளைப் பட்டை போட்ட டயர்தான் வேண்டும் என்றார். டயரின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு வெள்ளை வளையம் ஓடுமே, பணக்கார வண்டிகளில் வருவது, அது.

"நம்ம வண்டிக்கு ஏது வெள்ளைப் பட்டை? முழுக் கறுப்புதான்."

"உனக்கு என்னம்மா தெரியும், நீ அப்ப சின்னப் பொண்ணு."

சின்னப் பொண்ணுதான். அந்த ஐந்து டயரையும் ஸ்டெப்னி உட்பட வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, டியூபைத் தண்ணீரில் முக்கி, உரசி, ஒட்டி, மறுபடி உள்ளே தள்ளிய சின்னப் பொண்ணு. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். சங்கத்து விதிப்படி, அந்த மாடலின் சாதாரண வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது கறுப்பு டயர்தான். வேறு மாதிரி இருந்தது என்றால் ஆதாரம் காட்ட வேண்டும். இதுதான் ஆதாரம், பார்த்துக்கொள் என்றார்.

பார்த்தாள். வீட்டு வாசலில் கார், பக்கவாட்டில். காருக்குப் பின்னால் அப்பா, கூரைமேல் கை வைத்துக்கொண்டு. அவர் பக்கத்தில் புதுச் சட்டையில் அண்ணன். இரண்டு சக்கரத்திலும் அச்சடித்தாற்போல வெள்ளை வளையம். முன்சக்கரத்தோடு படம் முடிந்துவிட்டது. அந்த ஓரத்தில், சக்கரத்தைத் தொட்டபடி, மணிக்கட்டுவரை ஒரு கை. கையில் பிரஷ். கைக்கு உடம்பு இல்லை.

அவளுடைய சிறு வயதில் எடுத்த புகைப்படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தெருமுனை ஸ்டுடியோக்காரர் எடுத்தது. அது அண்ணனிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். என்றைக்காவது கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் ஓடியிருந்தன.

"இதுல நான் எங்க?"

"நீ ஓரமா இருந்த. வண்டிதானே முக்கியம்? ஃபிரேமுக்குச் சரியா வரலன்னு வெட்டிட்டேன்."

கையையும் வெட்டியிருப்பார். வெட்டினால் முன்சக்கரம் போய்விடும் என்பதால் விட்டுவைத்திருந்தார்.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இருந்தாலும் நிதானமாகவே சொன்னாள். இது டயரோடு வந்த பட்டை இல்லை, நான் அடித்த பெயிண்ட். அன்றைக்கு ஒரு கம்பெனிக்கு வெளியூரிலிருந்து யாரோ பெரிய மனிதர் வந்திருந்தார், ஒருநாள் வாடகை; வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். கதவுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட்டை வாங்கி வந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கி, நான்தான் அடித்தேன். படம் எடுக்கிற நேரத்துக்குத்தான் நீ சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாய்.

அண்ணன் சிரித்தார். நல்ல சிரிப்பு, தங்கை தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்த சிரிப்பு.

"பெயிண்ட்டா? இவ்வளவு சுத்தமா, இவ்வளவு வட்டமா கையால போட முடியுமா? அதுவும் பதினாலு வயசுல நீயா? ஏதோ துடைச்சிட்டு இருந்திருப்ப, மறந்துட்ட."

ஒழுங்காகச் செய்த வேலை, அவள் செய்ததே இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. கோணல்மாணலாக அடித்திருந்தால் நம்பியிருப்பார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தாள், அது கையில் இருப்பது நல்லதில்லை என்று பட்டதால்.

முழுப் படத்தைக் கொண்டு வா என்றாள். அதில் என் பக்கத்தில் சுவரில் சாத்தி வைத்த ஸ்டெப்னி இருக்கும், கன்னங்கரேலென்று. அதற்குப் பெயிண்ட் தேவையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். ஸ்டெப்னி பக்கத்திலேயே டப்பாவும் இருக்கும். படம் பெரிதுபடுத்தக் கொடுத்திருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அண்ணன் நழுவினார். அவர் முடிவு செய்துவிட்டார், வெள்ளைப் பட்டைதான். ஊரில் இந்த வண்டியின் ரிம்மில் கீறல் விழாமல் நைலான் டயர் ஏற்றத் தெரிந்தவள் தங்கை ஒருத்திதான் என்பதால், கோபித்துக்கொண்டு போகவும் அவரால் முடியவில்லை.

"சரி, மாட்டித் தரேன். ஆனா கண்காட்சியில முழுப் படத்த வைக்கணும். நான் இருக்கிற படம். அது போதும் எனக்கு."

"அவ்வளவுதானே? வச்சிட்டாப் போச்சு" என்றார் அண்ணன்.

ஒரு மாதத்தில் டயர் வந்து சேர்ந்தது. நல்ல டயர். அளவு சரி, கோடு சரி, உயரம் சரி. பட்டை மட்டும்தான் பொய். ஒரு முழு நாள் அதற்காகவே ஒதுக்கினாள். ரிம்முக்குத் துணி சுற்றினாள், டியூபுக்குப் பவுடர் போட்டாள், லீவரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். அந்த ரிம்மை அவள் கைகள் மறக்கவில்லை. இரண்டாவது சக்கரத்தில் வால்வு பக்கம் ஒரு சிறிய நெளிசல் உண்டு, பார்க்காமலேயே அங்கே விரலை மடக்கிக்கொண்டாள். வேலை முடிந்ததும் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரமாதம், அப்படியே அந்தக் காலத்து வண்டி என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானத்தில். வெயிலில் காற்றழுத்தம் ஏறும், வந்து பார்த்துவிட்டுப் போ என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவள் கடைக்கு லீவு விட்டாள். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற உடையை உடுத்தி, கைப்பையில் அழுத்தமானியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனாள். காற்று பார்ப்பதற்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எதற்கு என்று அவருக்கும் தெரியும்.

இருபது வண்டிகள் வரிசையாக நின்றன. அண்ணனின் வண்டி நடுவில். பானெட்டுக்கு முன்னால் மரச்சட்டத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் பெரிதாக்கிய புகைப்படம். அப்பா இருந்தார். அண்ணன் இருந்தார். ஓரத்தில் அந்தக் கை இருந்தது, இப்போது விரல் விரலாகத் தெரிகிற அளவுக்கு. அவ்வளவுதான்.

"பெருசு பண்ணும்போது ஓரம் மங்கலா வந்துச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கிக்காத" என்று அண்ணன் காதோரம் முணுமுணுத்துவிட்டு வேறு யாருக்கோ கைகொடுக்கப் போய்விட்டார்.

"விடு" என்றார் வீட்டுக்காரர், பழக்கதோஷத்தில்.

அவர் பக்கம் அவள் திரும்பிய வேகத்தில், மனிதர் இரண்டடி பின்வாங்கினார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். காற்று பார்க்கிறேன் என்று வந்தாயிற்றே. நான்கு சக்கரத்திலும் குனிந்து, மூடியைக் கழற்றி, அளவு பார்த்தாள். மூன்றில் சரி, நான்காவதில் ஒரு புள்ளி கூடுதல். அதை இறக்கினாள். பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அப்போதுதான் நடுவர் வந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, கையில் அட்டை. அண்ணன் கூடவே நடந்து விளக்கினார். நடுவர் டயரின் அளவைப் படித்தார், கோடுகளை விரலால் தடவினார், மிகச் சரியான தேர்வு என்றார். அண்ணனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. யார் தேர்ந்தெடுத்தது என்று நடுவர் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. பட்டைக்கு ஆதாரம் கேட்டபோது அண்ணன் படத்தைக் காட்டினார். நடுவர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சக்கரங்களைப் பார்த்தார். அப்புறம் ஓரத்துக்கு வந்து நின்றார்.

"இது யார் கை?"

"அதா? கிளீனர் சார். அப்பா ஒரு கிளீனர் வச்சிருந்தார், வண்டி துடைக்க."

அப்பா கிளீனர் வைத்திருந்தாராம்! ஒரு டீயை இரண்டாக ஆற்றி மகளோடு பங்கு போட்டுக் குடித்த மனுஷன், கிளீனர் வைத்திருந்தாராம். ஓரமாக வெட்டியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். நாற்பத்தாறு வருடத்துக்கு அப்புறம், தான் பக்கத்தில் நிற்கும்போதே, தன் கையை எடுத்து இல்லாத ஆளுக்கு ஒட்டவைத்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்தாள்.

"அது என் கை."

நடுவர் திரும்பினார். அண்ணன், இது என் தங்கை, டயர் கடை வைத்திருக்கிறாள், கொஞ்சம் படபடவென்று பேசுவாள் என்று அவசர அவசரமாகப் பூசி மெழுகினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. வலது கையை நீட்டி, படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தில் பிரஷ்ஷைப் பிடித்த நான்கு விரல்களோடு சேராமல் சுண்டுவிரல் தனியாக, வெளிப்பக்கம் கோணி நின்றது. பக்கத்தில், சுருக்கம் விழுந்து, நகத்தடியில் கறுப்பு ஏறி, அதே விரல் அதே கோணலில் நின்றது. நடுவர் கண்ணாடி வழியாக இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார்.

"கையில பிரஷ் ஏன் வச்சிருக்கீங்கம்மா?"

"பெயிண்ட் அடிக்கிறேன் சார். அது டயரோட வந்த பட்டை இல்ல, நான் போட்டது. ஒருநாள் வாடகைக்காகப் போட்டோம். அடுத்த வாரமே குவாரி ரோட்டுல உரிஞ்சு போச்சு."

"இவ்வளவு வட்டமா எப்படிம்மா போட்டீங்க?"

அதைத்தான் இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அதற்கும் கோபம் வந்தது.

"பிரஷ்ஷை அசைக்கல சார். முழங்கையை முட்டியில ஊனிக்கிட்டு அப்படியே பிடிச்சுக்கிட்டேன். அப்பா முக்காலி போட்டு உக்காந்து சக்கரத்தச் சுத்தினார். அவரு மெதுவாச் சுத்தச் சுத்த பட்டை தானா வட்டமா விழுந்துச்சு. கீழ ஜாக்கிய இறக்கினப்புறம் ஒரு எடம் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுது. அத அடிக்கும்போதுதான் போட்டோ எடுத்தாங்க."

நடுவர் பூதக்கண்ணாடியை மார்பில் தொங்கவிட்டார். பிறகு அட்டையில் எழுதினார். ஆதாரம் தவறானால் அந்தப் பகுதிக்கு மார்க் கிடையாது, விதி அப்படி என்று அண்ணனிடம் சொன்னார். அவளிடம், இந்த வேலையைப் பார்த்து நானே ஏமாந்திருப்பேன் என்றார். அவள் அதற்கு, யாரையும் ஏமாற்றுவதற்காகப் போட்டதில்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அண்ணனின் முகம் செத்துப்போயிருந்தது. எத்தனை வருட உழைப்பு, எவ்வளவு அலைச்சல், கூடப் பிறந்தவளே குழி பறித்துவிட்டாளே என்று அடிக்குரலில் பொரிந்தார். பொறாமை என்றார். வண்டி எனக்கு வந்ததை உன்னால் தாங்க முடியவில்லை என்றார். கடைசியில் சொன்னார்:

"நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

"கிளீனர்னு சொன்னியே. அவன் பேர் என்ன? சொல்லு. அப்பா வச்சிருந்த கிளீனர், நம்ம வீட்டுல சாப்பிட்டிருப்பான்ல? பேர் சொல்லு."

அண்ணன் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவள் அழுத்தமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். மைதானத்து வாசல்வரை வீட்டுக்காரர் வாயையே திறக்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். அண்ணன்தானே, விட்டுக்கொடுத்தால் என்ன, ஒரு போட்டோவுக்காக இவ்வளவா என்றார்கள். அதில் ஒருத்தரும் அண்ணனிடம் போய், ஒரு போட்டோதானே, கொடுத்தால் என்ன என்று கேட்டதாகத் தெரியவில்லை. அவள் எல்லோரையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் வண்டிக்கும் காற்றடித்து அனுப்பினாள். ஒரு வார்த்தை இறங்கி வரவில்லை.

நான்காவது மாதம் அண்ணனே வந்தார். காருக்குள் பின்சீட்டில் நான்கு புது டயர்கள். நைலான், நேர்க்கோடு, முழுக் கறுப்பு. அவள் முதல் நாளே சொன்ன டயர். கையில் காகிதம் சுற்றிய ஏதோ ஒன்று. கடைக்குள் வந்து, கோணியைத் தானே தட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இருக்கிறது என்றாள்.

அவர் காகிதத்தைப் பிரித்தார். சட்டம் போட்ட புகைப்படம். முழுப் படம்.

"நடுவர்கிட்டப் பேசினேன். முழுப் படத்த வச்சா, ஸ்டெப்னி கறுப்பா இருக்கிறது தெரியும், டப்பாவும் தெரியும். அப்ப கறுப்பு டயருக்கு இத விடப் பெரிய ஆதாரம் கிடையாதாம், முழு மார்க் போடலாம்னு சொன்னார். நீ சொன்னது சரிதாம்மா. நீதான் இப்ப ஆதாரமே. இந்த டயர நீயே மாட்டிக் குடு, அடுத்த வருஷம் முதல் பரிசு நமக்குத்தான்."

நமக்குத்தானாம். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அதுதான் பெரிய கொடுமை. மன்னிப்புக் கேட்க வந்த மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை இதுதான் மன்னிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"பரிசுக்கு இடைஞ்சல்னா வெட்டிப் போடுவ. பரிசுக்கு வேணும்னா சட்டம் போட்டுக் கொண்டு வருவ. நான் என்ன கறிவேப்பிலையா?"

"அப்படி இல்லம்மா..."

"படத்த இங்க வச்சிட்டுப் போ."

அவர் தயங்கினார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள், கோணல் விரலோடு. வேறு வழியில்லாமல் கொடுத்தார். இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. போட்டுக்கொள்ளட்டும்; அதில் யாரை வெட்ட முடியும் என்று பார்க்கலாம்.

"அப்ப டயரு?"

"வேற கடையில போட்டுக்க. யாராவது கிளீனர் இருப்பான்."

அண்ணன் எழுந்து போனார். கார் சாலையில் ஏறும்போது பின்பக்க இடது சக்கரத்தில் காற்று குறைவாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஓடிப் போய்க் கையைத் தட்டி நிறுத்தி, கம்ப்ரசர் குழாயை இழுத்துக் கொண்டுபோய்க் காற்றடித்து, மூடியை முறுக்கி அனுப்பிவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

வீட்டுக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து சுத்தியலோடு வந்திருந்தார். காலண்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஆணியை இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, படத்தை மாட்டினார். இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

இத்தனை வருடமாக அந்தப் படத்தில் தான் சிரித்துக்கொண்டிருந்ததாகவே அவள் நினைத்திருந்தாள். அப்பா சக்கரத்தைச் சுற்ற, பட்டை விழுந்த அழகைப் பார்த்து இருவரும் சிரித்தது நினைவிருந்தது. அந்தச் சிரிப்பு படத்திலும் இருக்கும் என்று நம்பியிருந்தாள். அது இல்லை. ஒரு பக்கம் ஸ்டெப்னி, காலடியில் டப்பா, நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பதினான்கு வயதுப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை. சக்கரத்தையும் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி, காருக்குப் பின்னால் புதுச் சட்டையில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு?" என்றாள் அவள்.